புஸ்ஸி: ஒரு படைத்தலைவரின் மதிப்பும் அதன் அடித்தளமும்

ஆய்வுச்சுருக்கம்

பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் இடையே தென்னிந்தியாவில் நிகழ்ந்த போர்களின்போது, புதுச்சேரியிலிருந்து புறப்பட்டுப் பெரும்புகழ் ஈட்டிய படைத்தலைவர் சார்ல் ஜோசப் பத்திசியே தெ புஸ்ஸி. செஞ்சிக் கோட்டையை ஓரிரவில் கைப்பற்றியவர், ஐதராபாத் நிசாமின் அவையில் ஏழாண்டுகள் செல்வாக்குடன் விளங்கியவர், முதுமையில் கடலூர்க் கோட்டையைக் காத்து நின்றவர் என்று வரலாற்று நூல்கள் அவரைக் குறிப்பிடுகின்றன. அவருடைய வாழ்வையும் படைப்பணியையும் காலவரிசையில் விளக்கும் இக்கட்டுரை, அவர் பெற்ற மதிப்பு எதன்மீது நின்றது என்னும் வினாவிற்கு விடை காண முயல்கிறது. போர்க்களத் துணிவைக் காட்டிலும், படைவீரர்க்கு உரிய காலத்தில் ஊதியம் கிடைக்கச் செய்த ஏற்பாடே அம்மதிப்பின் அடித்தளம் என்பதும், அவ்வேற்பாட்டின் சுமையை ஏற்றவர்கள் வட சர்க்கார்களின் குடிமக்கள் என்பதும், அவ்வடித்தளம் இல்லாத சூழலில் அவருடைய பெயர் மட்டும் பயன்தரவில்லை என்பதும் இக்கட்டுரையின் முடிபுகளாகும்.

திறவுச்சொற்கள்: புஸ்ஸி, புதுச்சேரி, கருநாடகப் போர்கள், செஞ்சி, வட சர்க்கார்கள், பொப்பிலி, கடலூர் முற்றுகை, ஆனந்தரங்கப்பிள்ளை நாட்குறிப்பு

முன்னுரை

புதுச்சேரியிலிருந்து கடலூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் அரியாங்குப்பத்தையும் சுண்ணாம்பாற்றையும் கடந்தால் தவளக்குப்பம் வருகிறது. அதன் தென்மேற்கே பாகூர் அமைந்துள்ளது. இன்று வயல்களும் குடியிருப்புகளுமாகக் காணப்படும் இச்சிறு நிலப்பகுதி, பதினெட்டாம் நூற்றாண்டில் இரண்டு பகைக் கோட்டைகளுக்கு இடைப்பட்ட களமாக இருந்தது. வடக்கே பிரெஞ்சுக்காரரின் புதுச்சேரிக் கோட்டை. தெற்கே கடலூரை ஒட்டி ஆங்கிலேயரின் புனித டேவிட் கோட்டை. 1748ஆம் ஆண்டு ஆங்கிலக் கடற்படைத் தலைவர் பாஸ்கவன் தெற்கிலிருந்து படைநடத்தி வந்து முதலில் தாக்கியது அரியாங்குப்பத்துக் கோட்டையைத்தான். 1752இல் பாகூரில் பிரெஞ்சுப்படை லாரன்சிடம் தோற்றது. 1758இல் லாலியின் படைகள் இத்திசையிலேயே தெற்கு நோக்கிச் சென்று கடலூரைக் கைப்பற்றின. முப்பத்தைந்து ஆண்டுக்காலம் படைகள் வருவதும் போவதுமாக இருந்த நிலம் இது.

இக்காலப்பகுதி முழுவதையும் தம் வாழ்நாளில் கண்ட பிரெஞ்சுப் படைத்தலைவர் புஸ்ஸி ஒருவரே எனலாம். டூப்ளே திரும்ப அழைக்கப்பட்டார். லாலி பாரீசில் தலைவெட்டுண்டு மடிந்தார். புஸ்ஸியோ மீண்டும் இந்நிலத்திற்கு வந்து, 1785 சனவரி 7ஆம் நாள் புதுச்சேரியிலேயே உயிர்நீத்தார். நகரின் முதன்மையான தெருக்களுள் ஒன்று அவர் பெயரைத் தாங்கியது. அத்தெரு லால் பகதூர் சாஸ்திரி வீதி எனப் பெயர் மாற்றம் பெற்ற பின்னரும் மக்கள் வழக்கில் புஸ்ஸி வீதி என்றே வழங்குகிறது. சட்டமன்றத் தொகுதி ஒன்றும் நெடுங்காலம் அப்பெயரால் அழைக்கப்பட்டது. இவ்வாறு ஊர்ப்பெயரோடு கலந்துவிட்ட ஒருவரின் வரலாற்றை, வியப்பும் வெறுப்பும் இன்றி மதிப்பிட வேண்டிய தேவை உள்ளது.

சான்றுகளின் தன்மை

புஸ்ஸியைப் பற்றிய சான்றுகள் மூவகைப்படும். முதலாவது, ஐரோப்பிய வரலாற்று நூல்கள். அவர் காலத்தவரான ராபர்ட் ஓர்ம் என்னும் ஆங்கிலேயர் எழுதிய போர் வரலாறும், பத்தொன்பதாம் நூற்றாண்டில் மாலிசன் எழுதிய பிரெஞ்சிந்திய வரலாறும், புதுச்சேரி ஆளுநராக இருந்த ஆல்ஃபிரெட் மார்தினோ 1935இல் வெளியிட்ட தனிநூலும் இவ்வகையின. இரண்டாவது, ஐதராபாத் அரசு சார்ந்த பாரசீக ஆவணங்கள். மூன்றாவது, புதுச்சேரியின் தமிழ் நாட்குறிப்புகள். 1736 முதல் 1761 வரை ஆனந்தரங்கப்பிள்ளை எழுதிய நாட்குறிப்பு இவற்றுள் தலையாயது. 1747 முதல் தலைமைத் துபாசியாகப் பணியாற்றிய பிள்ளை, ஆளுநர் மாளிகையின் பேச்சுகளையும் வணிகக் கணக்குகளையும் ஒருசேரப் பதிவு செய்தவர்.

1751 முதல் 1758 வரை புஸ்ஸி தக்காணத்தில் இருந்தமையால், புதுச்சேரியில் வாழ்ந்த பிள்ளைக்கு அவர் பெரும்பாலும் கடிதங்களின் வழியாகவும் செய்தியாளர் வழியாகவும் அறியப்படுபவராகவே இருந்தார். ஐரோப்பிய நூல்கள் களத்தைக் காட்டுகின்றன. நாட்குறிப்போ அக்களத்திற்குப் பணம் தேடிய நகரத்தைக் காட்டுகிறது. படைத்தலைவர் ஒருவரின் வரலாற்றைப் பொருளியல் நோக்கில் படிப்பதற்குத் தமிழ்ச் சான்று தரும் தனி வாய்ப்பு இதுவாகும்.

படைப்பணியின் தொடக்கம்

வடபிரான்சில் சுவாசோன் நகரை அடுத்த ஆன்சியென்வீல் என்னும் ஊரில் புஸ்ஸி பிறந்தார். பிறப்பாண்டை 1718 எனவும் 1720 எனவும் நூல்கள் வேறுபடக் குறிக்கின்றன. இந்தியப் பெருங்கடலில் உள்ள மொரீசியசு அந்நாளில் பிரான்சுத் தீவு எனப்பட்டது. அங்கிருந்து லா பூர்தொனேயின் கடற்படையோடு 1746இல் சோழமண்டலக் கரைக்கு வந்த அவர், பின்னர் ஆளுநர் டூப்ளேயின் கீழ்ப் பணிபுரிந்தார்.

அவர் பெயர் முதன்முதலில் வெளிப்பட்டது 1749 ஆகத்து 3ஆம் நாள் நிகழ்ந்த ஆம்பூர்ப் போரில் ஆகும். ஆர்க்காட்டு நவாப் அன்வருதீன் கணவாயை மறித்து அமைத்திருந்த அரண்மீது பிரெஞ்சுப்படை இருமுறை மோதித் தோற்றது. தலைமை தாங்கிய தோத்தேய் காயமுற்றார். மூன்றாம் முறை படையை நடத்திச் சென்ற புஸ்ஸி அரணைக் கடந்தார். அன்வருதீன் களத்தில் வீழ்ந்தார். சந்தா சாகிபுக்கு ஆர்க்காட்டு உரிமை கிட்ட இவ்வெற்றி வழிவகுத்தது.

அடுத்த ஆண்டு செஞ்சி வீழ்ந்தது. இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் மதிலால் இணைத்த அக்கோட்டையைத் தென்னிந்தியாவின் அசைக்க முடியாத அரணாக அக்காலத்தவர் கருதினர். மராட்டியர் காலத்தில் முகலாயப்படை அதன்முன் ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடந்தது. 1750 செப்டம்பர் 11ஆம் நாள், ஏறத்தாழ 250 ஐரோப்பியரும் 1200 சிப்பாய்களும் கொண்ட முன்னணிப்படையோடு புஸ்ஸி அங்குச் சென்றார். முகம்மதலியின் தோற்ற படைகள் கோட்டைச் சூழலில் தங்கியிருந்தன. அவற்றைத் துரத்திச் சென்ற வேகத்திலேயே கீழ்க்கோட்டை வாயிலை வெடிமருந்தால் தகர்த்து, இருள் விலகுமுன் மூன்று குன்றுகளிலும் ஏறிக் கைப்பற்றினார். எதிரி மனந்தளர்ந்திருக்கும் வேளையைத் தவறவிடாமையே இவ்வெற்றியின் மந்தணம். பிற்காலத்தில் கடலூரில் நேர்ந்ததைப் புரிந்துகொள்ள இதனை நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

தக்காணத்தில் ஏழாண்டுகள்

1750 திசம்பரில் நிசாம் நாசிர் சங் கொல்லப்பட்டதை அடுத்து, பிரெஞ்சுக்காரரின் துணையோடு முசாபர் சங் தக்காணத்தின் சுபேதாரானார். அவரை ஐதராபாத்திற்கு அழைத்துச் செல்லும் பொறுப்பு புஸ்ஸியிடம் ஒப்படைக்கப்பட்டது. 1751 சனவரியில் ஏறத்தாழ 300 ஐரோப்பியரோடும் 2000 சிப்பாய்களோடும் அவர் புறப்பட்டார். மறுமாதமே கடப்பைப் பகுதியில் நவாபுகளின் கலகத்தில் முசாபர் சங் கொல்லப்பட்டார்.

அந்நேரத்தில் புஸ்ஸி எடுத்த முடிவு அவருடைய தனித்திறனைக் காட்டுவது. புதுச்சேரியின் ஆணைக்குக் காத்திராமல், பாளையத்திலிருந்த நாசிர் சங்கின் தம்பி சலாபத் சங்கை ஆட்சியுரிமைக்கு உரியவராக உயர்த்தினார். படை கலையவில்லை, பயணமும் நிற்கவில்லை. அவ்வாண்டின் இடைப்பகுதியில் புதிய நிசாம் ஔரங்காபாத்தை அடைந்தார். ஆண்டிறுதியில் பேசுவா பாலாஜி பாஜிராவுக்கு எதிரான போரில், சந்திர கிரகண இரவொன்றில் மராட்டியப் பாளையத்தின்மீது நடத்திய தாக்குதல் புஸ்ஸியின் பெயரை வடக்கிலும் பரப்பியது.

எண்ணிக்கையில் சிறிய ஒரு படையை வைத்துக்கொண்டு பரந்த நாட்டின் அரசியலில் அவர் செல்வாக்குப் பெற்றதற்குக் காரணங்கள் சில உள. அவர் அவை மரபுகளை மதித்தார். நிசாமின் பெயராலேயே ஆணைகள் வெளிவரச் செய்தார். தம் வீரர்கள் ஊர்களைச் சூறையாடுவதைக் கட்டுப்படுத்தினார். வென்றவர் போல அன்றி, பட்டம் பெற்ற அவையினருள் ஒருவராகவே நடந்துகொண்டார். 1757இல் விசாகப்பட்டினத்து ஆங்கிலேயர் சரணடைந்தபோது அவர்களைப் பெருந்தன்மையுடன் நடத்தினார். எதிர்த்தரப்பினரான ஓர்மின் நூலிலும் அவர் மதிப்புடனேயே பேசப்படுகிறார்.

ஊதியமும் ஒழுங்கும்

மேற்கூறிய கட்டுப்பாடு நற்பண்பினால் மட்டும் நிலைத்ததன்று. 1753ஆம் ஆண்டின் தொடக்கத்தில் புஸ்ஸி நோயுற்று மச்சிலிப்பட்டினத்திற்குச் சென்று ஓய்வெடுத்தார். அவ்விடைவெளியில் நிசாமின் அமைச்சர் சையத் லஷ்கர் கான், பிரெஞ்சுப்படையைப் போரிட்டு வெளியேற்ற முயலவில்லை, ஊதியத்தை நிறுத்தினார். படையைச் சிறு பிரிவுகளாக்கிப் பல இடங்களுக்கு அனுப்பினார். நிலுவை ஏற ஏற ஒழுங்கு குலைந்தது. மராட்டியரை வென்ற அதே வீரர்கள், எதிரி எவரும் இன்றியே சிதையத் தொடங்கினர்.

நலம் பெற்றுத் திரும்பிய புஸ்ஸி, சிதறிய படையை ஒன்றுகூட்டி ஔரங்காபாத்திற்குச் சென்றார். அங்கு அவர் பெற்றது நிலையான வருவாய். 1753ஆம் ஆண்டின் இறுதியில் முஸ்தபாநகர், ஏலூர், இராசமகேந்திரபுரம், சிக்காக்கோல் எனப்பட்ட ஸ்ரீகாகுளம் ஆகிய நான்கு சர்க்கார்கள் படையின் ஊதியத்திற்கென அவரிடம் ஒப்படைக்கப்பட்டன. முன்னரே பிரெஞ்சுக்காரரிடம் இருந்த மச்சிலிப்பட்டினத்தோடு இவை சேர்ந்தமையால், வங்கக் கடலோரத்தின் நீண்ட பகுதி அவர்கள் கைக்கு வந்தது.

இந்நிகழ்வை இருவகையாக நோக்கலாம். அரசியல் நோக்கில் இது பிரெஞ்சுக்காரரின் பெருவெற்றி. படை நிர்வாக நோக்கில், ஊதியத்திற்கு அமைச்சரின் விருப்பத்தை எதிர்நோக்கியிருந்த ஒரு படை, தனக்கென வரி நிலத்தைப் பெற்ற நிகழ்ச்சி இது. ஊதியம் தவறாத படையே சூறையாடாத படை. சூறையாடாத படைக்கே அவையிலும் ஊரிலும் மதிப்பு. புஸ்ஸியின் புகழுக்கு அடிநாதமாக அமைந்த தொடர்பு இதுவே.

1754இல் டூப்ளே திரும்ப அழைக்கப்பட்டு கொதெகு ஆட்சிக்கு வந்த பிறகும் தக்காணத்தில் புஸ்ஸியின் நிலை உடனே சரியாதது இதனாலேயாகும். 1756இல் நிசாம் அவரைப் பணியிலிருந்து விலக்கினார். ஐதராபாத்தின் சார் மகாலில் அவர் அரண் அமைத்துத் தங்கினார். சிப்பாய்களிற் பலர் விலகிச் சென்ற நிலையிலும், மச்சிலிப்பட்டினத்திலிருந்து துணைப்படை வரும்வரை தாக்குப்பிடித்தார். ஆகத்து மாதத்தில் நிசாமே உடன்பாட்டிற்கு வந்தார். கடற்கரையின் வருவாயும் அங்கிருந்து வந்த துணையும் இன்றி இது இயன்றிராது.

பொப்பிலி: மதிப்பின் மறுபக்கம்

சர்க்கார்களின் வரியைத் திரட்டுவதற்குப் புஸ்ஸி உள்நாட்டுச் சமீன்தார்களைச் சார்ந்திருந்தார். இவர்களுள் முதன்மையானவர் விசயநகரம் சமீனின் விசயராமராசு. இவ்விசயநகரம் வடகடலோர ஆந்திரத்தில் உள்ளது. துங்கபத்திரைக் கரைத் தலைநகரின் வேறானது. அவருக்கும் பொப்பிலி அரசர் ரங்காராவுக்கும் நெடுநாள் பகை இருந்தது. புஸ்ஸியின் படை வரிநிலங்களை உறுதிசெய்ய வடக்கே வந்தபோது, அப்பகையைத் தீர்த்துக்கொள்ள விசயராமராசு அப்படையைப் பயன்படுத்தினார்.

1757 சனவரி 24ஆம் நாள் பீரங்கிகள் பொப்பிலிக் கோட்டையைத் தாக்கின. வெற்றி வாய்ப்பு இல்லை என உணர்ந்த கோட்டையினர், தம் பெண்டிரையும் குழந்தைகளையும் தாமே மாய்த்துவிட்டு இறுதிவரை போரிட்டு மடிந்தனர். ரங்காராவும் வீழ்ந்தார். சில நாள்களில் தாண்டிர பாபய்யா, விசயராமராசுவை அவருடைய பாளையத்திலேயே கொன்று பழிதீர்த்தார். தெலுங்குக் கதைப்பாடல்களில் பொப்பிலிப் போர் இன்றளவும் பாடப்படுகிறது. 1964இல் திரைப்படமாகவும் வெளிவந்தது.

ஐதராபாத் அவையில் கட்டுப்பாட்டிற்காகப் போற்றப்பட்ட படைத்தலைவர், பொப்பிலி மக்களின் நினைவில் பீரங்கியோடு வந்த அயலாராக நிலைத்தார். இவ்விரண்டும் ஒரே மனிதரின் முரண்பட்ட இரு குணங்கள் அல்ல. அவையில் அவருடைய படை ஒழுங்காக நின்றதற்கு ஊதியம் தேவை. ஊதியத்திற்குச் சர்க்கார்களின் வரி தேவை. வரிக்கு விசயராமராசு போன்றோரின் நட்பு தேவை. அந்நட்பின் விலையே பொப்பிலி. ஒழுங்கும் அழிவும் ஒரே ஏற்பாட்டின் இரு முனைகள் என்பதை இங்குக் காணலாம்.

லாலியும் புஸ்ஸியும்

1758 ஏப்ரல் 28ஆம் நாள் புதுச்சேரியில் வந்திறங்கிய லாலி, அயர்லாந்து வழிவந்தவர். ஐரோப்பாவில் ஃபோந்தனுவா போரில் புகழ் பெற்றவர். சூன் தொடக்கத்திற்குள் கடலூரையும் புனித டேவிட் கோட்டையையும் கைப்பற்றினார். அடுத்துச் சென்னையைப் பிடிக்க எல்லாப் படைகளும் தேவை எனக் கருதி, புஸ்ஸியைத் தக்காணத்திலிருந்து திரும்ப அழைத்தார். புஸ்ஸி தம் கருத்து மாறுபாட்டைத் தெரிவித்துவிட்டு ஆணைக்குக் கீழ்ப்படிந்தார்.

புதிதாக வந்திருந்த பிரெஞ்சு அதிகாரிகள் உயர்குடியினர். பதவியிலும் புஸ்ஸிக்கு மேலானவர்கள். எனினும் அவர்களுள் அறுவர், தங்களுக்கு மேலாகப் புஸ்ஸியை உயர்த்துமாறு லாலிக்கு எழுத்து மூலம் வேண்டுகோள் விடுத்தனர். பிறப்பும் பணிமூப்புமே தகுதியாகக் கருதப்பட்ட பிரெஞ்சுப் படையில் இது அரிய நிகழ்ச்சி. புஸ்ஸி பெற்றிருந்த மதிப்பிற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. லாலியோ அவர்மீது ஐயம் நீங்காதவராகவே இருந்தார். தக்காணத்தில் புஸ்ஸி திரட்டிய பெருஞ்செல்வம் அவ்வையத்தை வளர்த்தது. அச்செல்வத்தை மறுப்பதற்கில்லை, படைக்கு ஊதியம் தந்த ஏற்பாடு அதன் தலைவரையும் செல்வராக்கியிருந்தது.

புஸ்ஸி நீங்கிய பின் தக்காணத்தில் நிகழ்ந்தவை விரைவானவை. பொப்பிலியில் புஸ்ஸி யாருக்குத் துணைநின்றாரோ அந்த விசயநகரம் சமீனின் அடுத்த தலைவர் ஆனந்தராசு, வங்காளத்திலிருந்து ஆங்கிலேயரை வரவழைத்தார். கிளைவ் அனுப்பிய ஃபோர்டு, 1758 திசம்பரில் சந்துர்த்தியில் பிரெஞ்சுப்படையை முறியடித்தார். 1759 ஏப்ரலில் மச்சிலிப்பட்டினம் வீழ்ந்தது. மே மாதத்தில் சலாபத் சங் ஆங்கிலேயருடன் ஒப்பந்தம் செய்துகொண்டார். ஏழாண்டுகளில் கட்டியது ஓராண்டிற்குள் இடிந்தது.

இதற்கு லாலியின் தவறே காரணம் என்பது பல நூல்களின் கருத்து. அக்கருத்தில் உண்மை உண்டு. ஆயின் முழு உண்மை அன்று. ஒருவர் விலகிய உடனே சரியும் ஏற்பாடு, நிறுவனமாக வேரூன்றாமல் அவரையே சார்ந்திருந்தது என்பதையும் இந்நிகழ்வுகள் காட்டுகின்றன. குடிமக்களிடத்தோ சமீன்தார்களிடத்தோ அதற்கு நிலைத்த ஆதரவு இருக்கவில்லை.

சென்னை முற்றுகை 1759 பிப்ரவரியில் தோல்வியுற்றது. 1760 சனவரி 22ஆம் நாள் வந்தவாசியில் அயர் கூட்டின் படையோடு நிகழ்ந்த போரில், நிலைகுலைந்த வீரர்களை மீண்டும் அணிவகுக்க முயன்றபோது புஸ்ஸியின் குதிரை சுடப்பட்டது, அவர் சிறைப்பட்டார். ஓராண்டு கழித்து, 1761 சனவரி 16ஆம் நாள், புதுச்சேரி சரணடைந்தது. அதற்கு நான்கு நாள்களுக்கு முன் ஆனந்தரங்கப்பிள்ளை காலமானார். புதுச்சேரியின் வீழ்ச்சிக்குப் பொறுப்பாக்கப்பட்ட லாலி, 1766 மே 9ஆம் நாள் பாரீசில் தலைவெட்டுண்டு இறந்தார். வால்டேரின் இடைவிடாத முயற்சியால் 1778இல் அத்தீர்ப்பு நீக்கப்பட்டது. லாலிக்கு எதிராக எழுதியவர்களுள் புஸ்ஸியும் ஒருவர் என்பது அவர் வரலாற்றில் மறைக்க முடியாத பகுதி.

கடலூர், 1783

இருபது ஆண்டுகளுக்கு மேல் பிரான்சில் வாழ்ந்த புஸ்ஸியை, அமெரிக்க விடுதலைப் போரையொட்டி மீண்டும் மூண்ட ஆங்கில-பிரெஞ்சுப் போர் இந்தியாவிற்கு இழுத்து வந்தது. ஐதரலியோடு இணைந்து போரிட ஒரு பெரும்பெயர் தேவைப்பட்டது. 1781இல் நன்னம்பிக்கை முனைக்கு அப்பாற்பட்ட பிரெஞ்சுப் படைகளின் தலைவராக அறுபது வயது கடந்த புஸ்ஸி அமர்த்தப்பட்டார். நோயும் கடற்பயணத் தடைகளும் அவரை வழியில் நிறுத்தின. 1783 மார்ச்சில் அவர் பரங்கிப்பேட்டையில் இறங்கியபோது ஐதரலி இறந்து மூன்று மாதங்கள் ஆகியிருந்தன. திப்பு மேற்குக் கடற்கரைக்குச் சென்றுவிட்டிருந்தார்.

தக்காணத்தில் புஸ்ஸிக்கு வாய்த்திருந்த எவையும் இங்கு இல்லை. படைக்கென வரிநிலம் இல்லை. அருகில் நட்பரசர் இல்லை. அவையில் பேசிப் பெறுதற்கு ஏதும் இல்லை. உணவிற்கும் பணத்திற்கும் திப்புவின் உதவியை எதிர்நோக்க வேண்டியிருந்தது. புஸ்ஸியோ கீல்வாதத்தால் நடக்க இயலாதவராக இருந்தார்.

சூன் மாதத்தில் தளபதி ஸ்டூவர்ட்டின் தலைமையில் ஆங்கிலப்படை கடலூரை அடைந்தது. 13ஆம் நாள் கோட்டைக்கு வெளியே கடும்போர் மூண்டது. ஆங்கிலேயர் தரப்பில் இறந்தோரும் காயமுற்றோரும் ஏறத்தாழ ஆயிரம் பேர். பிரெஞ்சுத் தரப்பில் அதிற் பாதிக்கும் குறைவு. களைத்துப்போன எதிரியை உடனே தாக்கவேண்டும் என இளைய அதிகாரிகள் வற்புறுத்தினர். புஸ்ஸி இணங்கவில்லை; அன்றிரவு படையைக் கோட்டைக்குள் திரும்ப அழைத்துக்கொண்டார். செஞ்சியில் எதிரியின் தளர்ச்சியைப் பயன்படுத்தியவர், கடலூரில் அதனைக் கைவிட்டார்.

முற்றுகையிடப்பட்ட கோட்டையைக் காத்தது கடற்படை. புஸ்ஸி அனுப்பிய 1200 பேரைக் கப்பல்களில் ஏற்றிக்கொண்டு சூன் 20ஆம் நாள் சுஃப்ரேன் நடத்திய போருக்குப் பின், ஆங்கிலக் கடற்படை சென்னைக்குத் திரும்பியது. 25ஆம் நாள் பிரெஞ்சுப்படை கோட்டையிலிருந்து வெளிவந்து நடத்திய தாக்குதல் தோல்வியுற்றது. அம்மாத இறுதியில் ஐரோப்பாவில் அமைதி ஏற்பட்ட செய்தி வந்தது. சூலைத் தொடக்கத்தில் போர் நின்றது.

போர் நிறுத்தத்தை ஏற்ற புஸ்ஸி, மங்களூர் முற்றுகையில் திப்புவோடு நின்ற பிரெஞ்சு வீரர்களையும் விலகச் செய்தார். தனித்துவிடப்பட்ட திப்பு 1784 மார்ச்சில் ஆங்கிலேயரோடு ஒப்பந்தம் செய்தார். பிரெஞ்சுக்காரரின் நட்பு எத்துணை உறுதியானது என்னும் ஐயம் மைசூரில் எழுந்தது. பேச்சுறுதியால் நிசாமின் அவையை வென்றவரின் பொதுவாழ்வு இவ்வாறு முடிந்தது. இதில் அவர் விருப்பத்திற்கு இடமில்லை. அமைதி உடன்பாடு ஐரோப்பாவில் எழுதப்பட்டது.

மதிப்பீடு

புஸ்ஸியைப் பற்றிய நினைவு மூன்று இடங்களில் மூன்று வகையாக உள்ளது. ஐரோப்பிய நூல்களில் அவர் தொலைநோக்குடைய படைத்தலைவர். தெலுங்குக் கதைப்பாடல் மரபில் பொப்பிலியின் அழிவோடு சேர்ந்தவர். புதுச்சேரியில் ஒரு தெருவின் பெயர். முதலிரண்டும் ஒன்றையொன்று மறுப்பனபோலத் தோன்றினும், ஊதியம் என்னும் இணைப்பை அறிந்தவர்க்கு அவை ஒரே வரலாற்றின் பகுதிகளாகவே விளங்கும். மூன்றாவது நினைவோ இவ்விரண்டையும் மறந்த நிலையில் நிற்கிறது.

கருநாடகப் போர்களைப் பற்றிய தமிழ்நூல்கள் பெரும்பாலும் டூப்ளே, கிளைவ், லாலி முதலியோரின் ஆற்றலையும் பிழையையும் ஒப்பிட்டு வெற்றி தோல்விக்குக் காரணம் கூறுகின்றன. அவ்வணுகுமுறையில், அப்படைகளிற் பெரும்பகுதியாக இருந்த சிப்பாய்களும், அவர்களுக்குச் சோறிட்ட ஊர்களும் பின்னணியாக மட்டும் எஞ்சுகின்றனர். செஞ்சிக்குச் சென்றவர்களுள் ஆறில் ஐந்து பங்கினர் சிப்பாய்கள் என்பதை மேலே தந்த எண்ணிக்கையே உணர்த்தும். தலைவரின் மதிப்பை அளவிடும்போது, அவருக்குக் கீழ் நின்றவர்க்கு யார் பணம் தந்தார், எங்கிருந்து தந்தார் என்னும் வினாவைச் சேர்த்தே எழுப்புதல் வேண்டும். ஆனந்தரங்கப்பிள்ளையின் நாட்குறிப்பையும், அவருக்குப் பின் புதுச்சேரியில் எழுதப்பட்ட நாட்குறிப்புகளையும் இந்நோக்கில் மீண்டும் வாசிப்பது பயன்தரும்.

முடிவுரை

புஸ்ஸி துணிவும் அறிவும் கட்டுப்பாடும் உடைய படைத்தலைவர் என்பதில் ஐயமில்லை. ஆம்பூரும் செஞ்சியும் அவர் துணிவிற்குச் சான்று. சலாபத் சங்கை உயர்த்திய முடிவு அவர் அறிவிற்குச் சான்று. தமக்கு மேல் அவரை உயர்த்த வேண்டிய அறுவரின் கடிதம் அவர் பெற்ற மதிப்பிற்குச் சான்று. எனினும் அம்மதிப்பு தனித்து நிற்கவில்லை. 1753இல் ஊதியம் நின்றபோது அது ஆட்டங்கண்டது; சர்க்கார்கள் கிடைத்தபோது நிலைபெற்றது; அவை கைவிட்டுப் போனபின் மீண்டும் எழவில்லை. கடலூரில் அவருக்கு எஞ்சியிருந்தது பெயர் ஒன்றே.

தவளக்குப்பம் வழியாகப் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இன்று நாள்தோறும் சென்று வருவோர், ஒரு முனையில் புஸ்ஸியின் பெயர் வழங்கும் வீதியையும் மறுமுனையில் அவர் இறுதியாகப் போரிட்ட ஊரையும் காண்கின்றனர். அவ்வீதியின் பெயருக்கு விளக்கம் தரும் பாடநூலோ கையேடோ செஞ்சி வெற்றியோடு நின்றுவிடாமல், அவ்வெற்றிகளுக்கான பொருளைத் தந்த சர்க்கார்களின் குடிமக்களையும், பொப்பிலியில் மாண்டோரையும் உடன் குறிப்பிடுமாயின், அப்பெயருக்கு உரிய வரலாறு முழுமை பெறும்.